காரேஜில் தொடங்கிய பள்ளிக்கூடம்
டாக்டர் ஆல்ஃப்ரெட் ஃபோன்ஸ் வாழ்க்கை

பல் ஆஸ்பத்திரியில் ஸ்கேலிங் பண்ணிக்கொள்ளச் சொன்னால் நம் ஊரில் பாதிப் பேர் தயங்குவார்கள். பல் ஆடிப் போய்விடுமாம், எனாமல் தேய்ந்து விடுமாம். மீதிப் பேர் சம்மதிப்பார்கள், ஆனால் நாற்காலிக்குப் பக்கத்தில் டாக்டர் இல்லாமல் வேறொருவர் கருவியோடு நின்றால், நீங்க டாக்டரா என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பு படிக்கிற தம்பி தங்கைகள் இந்தப் பார்வையைச் சீக்கிரமே சந்திக்கப் போகிறவர்கள். இந்தத் தொழிலுக்குப் பெயர் வைத்தவரும் இதே பார்வையைத்தான் சந்தித்தார். அதுவும் நோயாளிகளிடமிருந்து அல்ல, சொந்தத் தொழில்காரர்களிடமிருந்து. அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

ஆல்ஃப்ரெட் சிவிலியன் ஃபோன்ஸ் 1869 டிசம்பரில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சிவிலியன் ஃபோன்ஸும் பல் டாக்டர்தான். 1880-களில் அந்த ஊர் மேயராகவும் இருந்தவர். (சர்க்கஸ் பார்னம் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய பி.டி. பார்னமும் அதே ஊருக்கு 1875-ல் மேயராக இருந்திருக்கிறார். ஊர் அப்படிப்பட்ட ஊர்!) தையல் மிஷின், துப்பாக்கி என்று தொழிற்சாலைகள் நிறைந்த இடம். ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் பிழைக்க வந்த கூலிக் குடும்பங்கள் அங்கே ஏராளம். இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

பையன் 1890-ல் நியூயார்க் பல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு அப்பாவின் கிளினிக்கிலேயே சேர்ந்தார். அதே 1890-ல்தான் பெர்லினில் இருந்த டாக்டர் மில்லர், வாயிலுள்ள கிருமிகள் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் அமிலமாக்கி எனாமலைக் கரைக்கின்றன என்ற தன் ஆராய்ச்சியைப் புத்தகமாகப் போட்டார். சொத்தைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கிளினிக்கில் நடந்த வேலை மாறவில்லை. அடைப்பது, பிடுங்குவது, செட் கட்டுவது, இவ்வளவுதான். வராமல் தடுப்பது யாருடைய வேலை என்றால், யாருடைய வேலையும் இல்லை.

ஃபோன்ஸை மாற்றியது ஒரு கூட்டம். 1899 வாக்கில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த டாக்டர் டி.டி. ஸ்மித் பேசியதை அவர் கேட்டார். ஸ்மித் தன் நோயாளிகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரவழைத்து, ஆரஞ்சு மரக் குச்சியில் பியூமிஸ் தூளை எடுத்துப் பல்லின் ஒவ்வொரு பக்கத்தையும் கையாலேயே தேய்த்துச் சுத்தம் பண்ணுவார். ஃபோன்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்கே போய் அந்த வாய்களை நேரில் பார்த்தார். ஊருக்குத் திரும்பித் தானும் அதே முறையைத் தொடங்கினார். சில வருஷங்களில் அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. இப்படி ஒவ்வொரு வாயாக உட்கார்ந்து தேய்த்தால் டாக்டரின் நாள் முழுவதும் அதிலேயே போய்விடும். டாக்டர் நேரத்துக்கு டாக்டர் கட்டணம். ஏழைக் குடும்பம் எங்கே போகும்?

பல் நர்ஸ் என்று ஒரு உதவியாளர் வேண்டும் என்பதை அவருக்கு முன்பே நியூயார்க்கில் டாக்டர் ரைன் போன்றவர்கள் பேசியிருந்தார்கள். பேசியதோடு சரி. ஃபோன்ஸ் 1906-ல் தன் கிளினிக்கில் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமனைக் கூப்பிட்டார். உறவுக்காரப் பெண், அப்போது முப்பது வயது. காரை எடுப்பது, பாலிஷ் போடுவது, நோயாளிக்குப் பல் துலக்கச் சொல்லிக்கொடுப்பது எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார். அந்த அம்மாள்தான் உலகின் முதல் டென்டல் ஹைஜீனிஸ்ட் என்று நம் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன.

உடனே சட்டக் கேள்வி வந்தது. லைசென்ஸ் இல்லாத ஒருவர் வாயில் கை வைக்கலாமா? 1907-ல் கனெக்டிகட் பல் மருத்துவச் சட்டம் திருத்தப்பட்டது. லைசென்ஸ் இல்லாத உதவியாளர்கள் பல் வைத்தியம் செய்யக்கூடாது என்று ஒரு கையால் தடுத்து, பல் சுத்தம் செய்வதை மட்டும் மறு கையால் விலக்கி வைத்தார்கள். அந்த சிறு விலக்குதான் கதவு. ஃபோன்ஸ் உள்ளே நுழைந்ததும் அதன் வழியாகத்தான்.

பெயர் விஷயத்தில் அவர் பிடிவாதக்காரர். நர்ஸ் என்றால் ஜனங்களுக்கு நோய் ஞாபகம் வருகிறது, நான் தயார் செய்யும் ஆள் நோயாளியிடம் போகிறவர் அல்ல, நோயே வராதவரிடம் போகிறவர் என்பது அவர் வாதம். ஹைஜீனிஸ்ட் என்ற பெயரை அவர்தான் வைத்தார். ஒரு பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். இருக்கிறது. நர்ஸ் என்றால் டாக்டர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஹைஜீனிஸ்ட் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்.

அவர் மனசில் இருந்ததும் பள்ளிக்கூடம்தான். ஜெர்மானிய ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1902-லேயே டாக்டர் யெஸ்ஸன் பள்ளிப் பிள்ளைகளுக்கு நகராட்சிப் பல் கிளினிக் திறந்துவிட்டார். ஆனால் ஃபோன்ஸ் கணக்குப் போட்டது வேறு மாதிரி. கிளினிக் என்பது கெட்டுப்போனதை ரிப்பேர் பண்ணும் இடம், எத்தனை டாக்டர்களைப் போட்டாலும் சொத்தை முந்திக்கொண்டு ஓடும், நகராட்சிப் பணம் போதாது. அதற்குப் பதிலாக ஒன்றாம் வகுப்பிலேயே பிள்ளையைப் பிடித்து, சுத்தம் செய்து, பழக்கம் ஏற்படுத்தினால் ரிப்பேரே குறையும். இதை நகர சுகாதாரத் துறையிடம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஐயாயிரம் டாலர் கிடைத்தது. பணம் கிடைத்துவிட்டது, ஆட்கள் எங்கே? அந்த வேலைக்குப் படித்தவர் என்று ஊரில் இருந்தது ஐரீன் அம்மாள் ஒருவர்தான்.

அதனால் 1913 நவம்பர் 17-ஆம் தேதி, வாஷிங்டன் அவென்யூவில் கிளினிக்கை ஒட்டியிருந்த தன் காரேஜில் வகுப்பைத் தொடங்கிவிட்டார். கட்டடம் எழும்பட்டும், கிராண்ட் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சேர்ந்தவர்கள் முப்பதுக்கும் மேல். பள்ளி ஆசிரியைகள், பயிற்சி பெற்ற நர்சுகள், பல் டாக்டர்களின் உதவியாளர்கள், சில பல் டாக்டர்களின் மனைவிமார்கள்கூட. காரேஜ் வகுப்புதானே என்று லேசாக நினைத்துவிட வேண்டாம். ஹார்வர்டு, பென்சில்வேனியா போன்ற பெரிய இடங்களிலிருந்து பேராசிரியர்கள் வந்து உடற்கூறு, உடலியல், கிருமியியல், நோயியல் என்று நடத்தியிருக்கிறார்கள். 1914 ஜூனில் 27 பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். அந்தச் சொற்பொழிவுகள் தொகுக்கப்பட்டு 1916-ல் வாய்ச் சுகாதாரம் பற்றிய பாடப் புத்தகமாக வந்தது. பல காலம் அதுதான் இந்தப் படிப்புக்கு வேதம்.

படித்து வந்தவர்களில் பலரை பிரிட்ஜ்போர்ட் நகரமே வேலைக்கு எடுத்துக்கொண்டது. அரசுச் சம்பளத்தில் பல் ஹைஜீனிஸ்ட் என்ற உத்தியோகம் இங்கேதான் உருவானது. அவர்கள் வேலை என்ன தெரியுமா? பள்ளிக்கே நாற்காலியையும் கருவிகளையும் கொண்டுபோய், கீழ் வகுப்புப் பிள்ளைகளின் வாயைப் பார்த்து அட்டையில் குறித்து, காரையும் கறையும் எடுத்துப் பாலிஷ் போடுவது. வகுப்பறையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்து டிரில் மாதிரி துலக்கச் சொல்லிக்கொடுப்பது. எந்தப் பல்லுக்கு டாக்டர் தேவை என்று வீட்டுக்குத் தகவல் அனுப்புவது. பெற்றோர்களைக் கூட்டி விளக்குப் படம் காட்டிப் பேசுவது. அம்மாக்களில் நிறையப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது, அப்பாக்கள் ஷிப்டில் இருப்பார்கள். பிள்ளை வீட்டுக்குப் போய்த் துலக்கிக் காட்டினால்தான் வீடே கற்றுக்கொள்ளும். கிளினிக்கை விடப் பாடம்தான் பெரிது என்பதை ஃபோன்ஸ் அலுக்காமல் சொல்லிவந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றும் முறையைக் குழந்தைகளுக்கு நாம் இன்றும் ஃபோன்ஸ் முறை என்றே சொல்லிக்கொடுக்கிறோம். சின்னக் கைக்கு அதுதான் வசப்படும்.

இதற்கெல்லாம் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. இன்றைக்குக் காரை எடுப்பவர் நாளைக்குச் சொந்தமாகக் கடை போட்டுவிடுவார் என்று டாக்டர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. அரைகுறைப் பயிற்சியோடு வாயில் கருவி வைப்பவரால் வரும் ஆபத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒஹையோவில் 1910-ல் ஒரு பல் கல்லூரி பல் நர்ஸ் படிப்பைத் தொடங்கி, டாக்டர்கள் எதிர்ப்பில் 1914-ல் மூடிவிட்டது. ஃபோன்ஸ் தப்பித்ததற்குக் காரணம், அவர் சட்டத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1915-ல் கனெக்டிகட் கொண்டுவந்த சட்டம் ஹைஜீனிஸ்டின் எல்லையைக் கோடு போட்டுக் காட்டியது. வெளியே தெரியும் பல் பரப்பிலும் ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழேயும் படிந்த காரை, கறை இவற்றை எடுக்கலாம். அதைத் தாண்டிப் பல்லிலோ நோயுற்ற திசுவிலோ எதுவும் செய்யக்கூடாது. லைசென்ஸ் பெற்ற டாக்டரின் கிளினிக்கில் வேலை செய்யலாம், அல்லது டாக்டரின் பொது மேற்பார்வையில் எந்தப் பொது, தனியார் நிறுவனத்திலும் வேலை செய்யலாம்.

இந்தக் கடைசி வரியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பொது மேற்பார்வை என்றால் டாக்டர் தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. பள்ளி, ஆஸ்பத்திரி, அநாதை இல்லம், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் ஹைஜீனிஸ்ட் போகலாம். தனியாகக் கடை போட முடியாது, ஆனால் அரசு அனுப்பினால் எங்கும் போகலாம். டாக்டர்களின் பயமும் தீர்ந்தது, பிள்ளைகளின் வாயும் மூடிப்போகவில்லை. 1917-ல் அந்த மாநிலத்தின் முதல் ஹைஜீனிஸ்ட் லைசென்ஸ் ஐரீன் நியூமனுக்குக் கிடைத்தது. கற்றுக்கொண்டு பதினோரு வருஷம் கழித்து!

ஐந்து வருஷம் கழித்து பிரிட்ஜ்போர்ட் கணக்குப் பார்த்தார்கள். திட்டம் தொடங்குவதற்கு முன் ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளோடு, திட்டத்திலேயே வளர்ந்து ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை ஒப்பிட்டால், நிலைப் பற்களில் சொத்தை சுமார் 34 சதவீதம் குறைந்திருந்தது. வகுப்பில் ஃபெயில் ஆகித் தங்கிவிடுகிறவர்களும் குறைந்தார்கள் என்று அறிக்கை சொன்னது. இன்றைய புள்ளிவிவரக் கண்ணோடு பார்த்தால் இதில் ஓட்டைகள் உண்டு. வெவ்வேறு வருஷத்துப் பிள்ளைகளை ஒப்பிட்டிருக்கிறார்கள், நடுவில் உலக யுத்தம் வந்து ஊரின் வருமானமே மாறியிருக்கிறது. ஃபுளோரைடின் பலன் 1945-ல் கிராண்ட் ராபிட்ஸ் நகரத் தண்ணீரில் தொடங்கிய ஆய்வுக்குப் பிறகுதான் உலகத்துக்கு உறுதியானது. வெறும் தேய்ப்பால் சொத்தையை இவ்வளவு தடுக்க முடியும் என்று இன்று யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். ஃபோன்ஸ் தன் முறையைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பினார். வாயிலிருந்துதான் உடம்பின் நோய்களெல்லாம் கிளம்புகின்றன என்ற அந்தக் காலத்து நம்பிக்கையும் அவரை இழுத்தது.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இது பெண்களுக்கு மட்டுமே ஏற்ற தொழில் என்றார் அவர். பொறுமை, மென்மையான கை, சின்ன வேலையில் திருப்தி என்று அவர் அடுக்கிய காரணங்களைக் கேட்டால் நம் மாணவிகளுக்குக் கோபம் வரும். வரட்டும், தப்பில்லை. ஆனால் அந்த நாளில் படித்த பெண்ணுக்கு டீச்சர், நர்ஸ் தவிர வேறு கதவு அதிகம் இல்லை என்பதும் உண்மை. அவர் திறந்த கதவு சின்னதுதான், அதன் வழியாக நிறையப் பேர் போனார்கள்.

காரேஜ் பள்ளியில் மூன்றே வகுப்புகள்தான் நடந்தன. மொத்தம் 97 பேர் படித்தார்கள். 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகமும், பாஸ்டனில் ஃபோர்சைத் நிறுவனமும் ஹைஜீனிஸ்ட் படிப்பைத் தொடங்கிவிட, இனி இது பெரிய நிறுவனங்களின் வேலை என்று ஃபோன்ஸ் விலகிக்கொண்டார். தன் பெயரில் ஒரு சாம்ராஜ்யம் கட்டிக்கொள்ள ஆசைப்படவில்லை. 1923-ல் கிளீவ்லாந்தில் அமெரிக்க ஹைஜீனிஸ்டுகளுக்குத் தேசியச் சங்கம் உருவானது. ஃபோன்ஸ் 1938 மார்ச்சில் காலமானார்.

நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம், ஹைஜீனிஸ்ட் யார் என்று ஒரு விளக்கம் கொடுத்தது. பல் டாக்டரோ பொது டாக்டரோ அல்லாமல், காரை எடுப்பவர், சுத்தம் செய்பவர், பாலிஷ் போடுபவர், அல்லது வாய்ச் சுகாதாரம் கற்றுக்கொடுப்பவர் என்று. இரண்டு வருஷப் படிப்பு, மாநிலக் கவுன்சிலில் தனிப் பதிவேடு என்ற ஏற்பாடுகள் அதை ஒட்டி வந்தன. 2023-ல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையத்துக்குப் புதிய சட்டமும் நிறைவேற்றியது. அந்தப் பழைய விளக்கத்தில் கற்றுக்கொடுப்பவர் என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பிரிட்ஜ்போர்ட்தான் ஞாபகம் வரும். நம் ஆஸ்பத்திரிகளில் ஹைஜீனிஸ்ட் என்றாலே ஸ்கேலிங் ரூம் என்று ஆகிவிட்டதே! அவர் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்.

ஃபோன்ஸ் பெயரில் ஒரு பள்ளி 1949-ல் பிரிட்ஜ்போர்ட் பல்கலைக்கழகத்தில் திறக்கப்பட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஐரீன் அம்மாள் அப்போது உயிரோடு இருந்தார். எழுபது வயதைத் தாண்டியிருந்தார். அவர் காலமானது 1958-ல்.