மா. கிருஷ்ணன்

சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்து, காட்டுயிர்களின் வாழ்க்கையை எழுத்தாலும் நிழற்படத்தாலும் நாட்டிற்கு உணர்த்திய பெரியார் மா. கிருஷ்ணன் ஆவார். இவர் 1912ஆம் ஆண்டில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை இயற்றிய அ. மாதவையா இவருடைய தந்தையார். மயிலாப்பூர் அந்நாளில் தோப்பும் புதரும் நிறைந்த ஊர். அங்கே பறவைகளைக் கண்டு களித்து வளர்ந்தார் கிருஷ்ணன். பதின்மூன்றாம் வயதில் தந்தையாரை இழந்தார். ஆயினும் இயற்கையின்பால் கொண்ட பற்றை இழந்தாரல்லர். மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார்.

1940களில் சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றினார். பின்னர்ச் சென்னைக்குத் திரும்பி, நிலையான ஊதியத்தை நாடாமல், எழுத்தையும் நிழற்படக் கலையையுமே தொழிலாக மேற்கொண்டார்.

செங்கற்பட்டுப் பகுதியில் உள்ள வேடந்தாங்கல் ஏரியின் பறவைகளை இவர் ஊன்றி ஆராய்ந்து எழுதினார். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும், நீரில் நிற்கும் மரங்களில் கொக்கு, நாரை, நீர்க்காகம் முதலியன கூடு கட்டும். குஞ்சு பொரித்தபின் தாய்க்கும் தந்தைக்கும் ஓய்வு ஏது? ஒன்று கூட்டைக் காக்க, மற்றொன்று அயலூர் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து செல்லும். மீனையும் தவளையையும் விழுங்கி வந்து, கூட்டில் கக்கிக் குஞ்சுகளை ஊட்டும். நத்தைகுத்தி நாரையோ நத்தையைத் தேடிக் கொணரும். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதை அறிந்த ஊரார், அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர்.

இரை கொணரும் பறவையைப் படம் பிடித்தல் எளிதன்று. கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை அஞ்சி அகலும். நெடுநேரம் அது திரும்பாவிடின் குஞ்சுகள் வெயிலாலும் பசியாலும் மடியும். காகமும் பருந்தும் அவற்றைக் கவர்ந்து செல்லவும் கூடும். ஓர் அழகிய படத்திற்கு ஓர் உயிரை விலையாகத் தருவது தகுமோ? உயிர்கள் தம் இயல்பில் வாழ்வதைக் காட்டும் படங்களையே கிருஷ்ணன் விரும்பினார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்த நிழற்படக் கருவியுடன் காடுகளில் பொறுமையாகக் காத்திருந்தார். வண்ணப்படம் பரவிய பின்னும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார்.

1950 முதல் 1996 வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் கட்டுரைகள் வரைந்தார். பத்மஸ்ரீ விருது பெற்றார். 1996ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார். பிற உயிர்க்கு ஊறு செய்யாது அதனை அறிதலே மெய்யான அறிவு என்பதை இவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.