ஊர் ஏற்றிய விளக்கு

அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையைச் சிறு பிராயத்திற் கேளாதார் நம்முள் அரியர். அதனை எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்ஸன் டென்மார்க்கு தேசத்து ஓடென்ஸே நகரில் 1805ஆம் ஆண்டு பிறந்தார். செருப்புத் தைத்துப் பிழைத்த தந்தையார் 1816இல் இறந்தார். தாயார் ஆற்றில் நின்று பிறர் ஆடைகளை வெளுத்தவர். பதினான்காம் வயதில் மைந்தர் தலைநகராகிய கோபன்ஹேகனுக்குச் செல்ல விரும்பியபொழுது, அவ்வம்மையார் கிழவியொருத்தியிடம் குறி கேட்டார். அவன்பொருட்டு அவ்வூர் ஒருநாள் விளக்கேற்றுமென்று அவள் கூறவே, அழுதழுது விடை கொடுத்தார்.

குறிகளை நாம் நம்புவதில்லை. ஆயினும் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அவ்வூர் மெய்யாகவே விளக்கேற்றி, அவரைத் தன் கௌரவக் குடிமகனாக ஏற்றுக்கொண்டது. சொந்த ஊரில் விழாவென்றால் நமக்கு உற்றார் கூட்டமன்றோ? அவருக்கோ மனைவி மக்கள் இலர். குறி கேட்ட அன்னையார் 1833இலேயே, மைந்தர் இத்தாலியில் இருக்குங்கால், அவ்வூரில் மறைந்துவிட்டார். ஊராரே உறவினராயினர்.

அன்றிரவு தீவட்டி ஊர்வலம் வந்தது; மக்கள் பாடினர். ஆண்டர்ஸனுக்கோ கடுமையான பல்வலி! திறந்த சாளரத்தின் குளிர்காற்று அதனைப் பின்னும் மிகுவித்தது. அறுபத்திரண்டு வயதுடைய அப்பெரியார், பாட்டில் இன்னும் எத்தனை பகுதிகள் எஞ்சியுள்ளன என்று தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.