காடு காத்த பிராண்டிஸ்

இந்தியக் காட்டியலின் தந்தை எனப் போற்றப்படும் டீட்ரிக் பிராண்டிஸ், செருமானிய நாட்டின் பான் நகரில் 1824-ஆம் ஆண்டு பிறந்தார். செடிநூற் புலமை மிக்க அவர், 1856-இல் பர்மாவின் தேக்குக் காடுகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றார். 1864-இல் இந்தியக் காடுகளின் முதல் தலைமை ஆய்வாளரானார்.

அக்காலத்தில் சேலம் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை புதிதாக அமைந்திருந்தது. அதன் எந்திரங்கள் விறகால் ஓடின. ஊர்களுக்கும் விறகு வேண்டியிருந்தது, காடுகள் மெலிந்தன. 1881-இல் சென்னை மாகாணத்திற்கு வந்த பிராண்டிஸ் அக்காடுகளை ஆராய்ந்தார். 1882-இல் சென்னைக் காட்டுச் சட்டம் நிறைவேறியது.

வெட்டுதல் வேறு, அழித்தல் வேறு என்பது காட்டியலின் அடிப்படை. கரும்பு மறுதாம்பு விடுவதுபோல், சேலம், நாமக்கல் பகுதிகளில் வளரும் உசிலை மரமும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். ஆயின், கூரிய கோடரியால், பட்டை கிழியாமல், நிலத்தையொட்டி வெட்டுதல் வேண்டும்; நீர் தேங்காதவாறு வெட்டுவாய் சரிந்திருத்தல் வேண்டும். உயர்ந்த கட்டையில் எழும் கிளை காற்றில் எளிதில் முறியும். நலிந்த துளிர்களைக் கழித்து, வலியவற்றை நிறுத்துதல் வேண்டும். இளந்துளிரை ஆடுகள் மீண்டும் மீண்டும் கடித்தாலும், தீச் சுட்டாலும் கட்டையே பட்டுப்போகும். ஆதலின், வெட்டிய பகுதியைச் சில ஆண்டுகள் மேய்ச்சலுக்கு மூடுதல் இன்றியமையாதது.

மூடினால் ஊரார் விறகுக்கும் புல்லுக்கும் எங்கே செல்வர்? இவ்வினாவைப் பிராண்டிஸ் மறக்கவில்லை. ஊர்தோறும் பொதுக்காடு வேண்டுமென வற்புறுத்தினார். அக்கருத்து முழுதும் நிறைவேறவில்லை. காட்டுச் சட்டத்தால் ஏழை மக்கள் இன்னலுற்றனர்.

பிராண்டிஸ் 1907-இல் மறைந்தார். மரத்தின் வேரையும் மக்களின் தேவையையும் ஒருங்கே காப்பதே காடு காத்தல் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகின்றது.