பட்டுக்கோட்டையாரின் இன்னொரு பாதி



ஆயுத பூஜை வந்தால் லேத்துக்குப் பொட்டு வைத்து, வைஸுக்கு மாலை போட்டு, தொழிலைத் தெய்வமென்று சொல்லும் அந்த வாசகத்தை ஒர்க் ஷாப் சுவரில் எழுதாத ஊர் கிடையாது. அதை எழுதியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருத்தர் சொன்னாலே அதிசயம். அவர்தான் மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1960இல் வந்த ‘ஆளுக்கொரு வீடு’ படத்துக்கான பாட்டு அது. அதை வைத்து, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று சொன்ன கவிஞராக அவரை நினைத்துக்கொள்கிறோம். அது பாதிதான். இன்னொரு பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1930 ஏப்ரல் 13ஆம் தேதி, பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அருணாசலனார், தாய் விசாலாட்சி. தந்தையும் பாட்டுக் கட்டுகிறவர்தான். பள்ளிக்கூடப் படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நம்ம கையில் இருக்கிற டிப்ளமோ அவருக்குக் கனவிலும் கிடைக்காத ஒன்று. வயல் வேலை பார்த்தார், மாடு மேய்த்தார், மாம்பழம் விற்றார், உப்பளத்தில் உழைத்தார், நாடகத்தில் வேஷம் கட்டினார். கிடைத்த வேலை எல்லாம் செய்தார் என்பதே அவர் வாழ்க்கைக் குறிப்பு.

அவர் வளர்ந்த காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவை நினைத்துப் பாருங்கள். பண்ணையாள் வேலைக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணிப்பால். 1943இல் பி.சீனிவாசராவ் அங்கே விவசாயிகள் சங்கம் கட்ட வந்தார். அடுத்த வருஷம் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில், இனி சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று மிராசுதார்களை எழுத வைத்தார்கள். அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1950இல் பட்டுக்கோட்டை வட்டாரத்து வாட்டாக்குடி இரணியன் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். அப்போது நம் கவிஞருக்கு இருபது வயது.

அந்தச் சங்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் யார் படிப்பது? ஆனால் நடவுப் பாட்டும் தெம்மாங்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த மெட்டிலேயே கூலியைப் பற்றியும் குத்தகையைப் பற்றியும் பாடினால், ஒருத்தி பாட, நூறு பேர் வாங்கிப் பாடுவார்கள். கவிஞர் கற்றுக்கொண்ட முதல் பாடம் இது. புதுச்சேரி போய்ப் பாவேந்தர் பாரதிதாசனிடம் இருந்து தமிழ் கற்றார். ‘ஜனசக்தி’யில் கவிதை எழுதினார். ஆனாலும் கடைசிவரை வயல்காட்டுப் பேச்சை அவர் விடவில்லை.

1950களின் நடுவில் சினிமாவுக்கு வந்தார். அங்கேயும் பழைய கேள்வியைத்தான் கேட்டார். 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் உழவன் ஒருத்தனும் அவன் மனைவியும் பாடும் பாட்டு ஒன்று உண்டு. காடெல்லாம் விளைந்து என்ன பயன், நமக்கு மிஞ்சினது கையும் காலும்தானே என்று அவள் கேட்கிறாள். அவன் அதற்குச் சமாதானம் சொல்லி மழுப்பவில்லை. இந்த நிலை மாறும் என்கிறான். இப்போது ஒர்க் ஷாப் பாட்டுக்குத் திரும்பி வாருங்கள். அதிலும் கையும் காலும் வருகிறது. உழைப்பவனுக்கு அதுதான் துணை என்கிறார். ஒரு பாட்டில் கையும் காலும் பெருமை. இன்னொரு பாட்டில் அதே கையும் காலும் வழக்கு. இரண்டையும் எழுதியது ஒரே பேனா. உழைப்பைக் கும்பிடு, உழைப்பின் பலன் எங்கே போகுதுன்னும் கேளு! இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பட்டுக்கோட்டையார்.

1960இல் வந்த ‘இரும்புத்திரை’ மில் தொழிலாளர் கதை. சம்பளம் வாங்கின கை காய்வதற்குள் காசு எங்கே போனது என்று தெரியாமல் ஒரு தொழிலாளி சிரித்துக்கொண்டே பாடுகிற பாட்டு அதில் இருக்கிறது. அப்ரண்டிஸாகவோ காண்ட்ராக்டிலோ ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போன நம்ம சீனியர்களிடம் அதைப் போட்டுக் காட்டினால், நேற்று எழுதினது மாதிரி இருக்கு என்பார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சங்க மேடையில் பாடும்போது மாற்றத்தைக் கொண்டுவரப் போவது பாடுகிறவர்களே. சினிமாவில் அதே வார்த்தை கதாநாயகன் வாய்க்குப் போகிறது. சட்டத்தை அவன் போடுவான், நாம் கைதட்டினால் போதும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. பாட்டு லட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்ததும் சினிமாவால்தான். பாடின கூட்டம் பார்க்கிற கூட்டமாக மாறினதும் சினிமாவால்தான். இதில் கவிஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்கிற நமக்குத்தான் அந்தப் பொறுப்பு.

1957இல் கௌரவம்மாளை மணந்தார். குமாரவேல் என்ற மகன் பிறந்த 1959ஆம் வருஷமே, அக்டோபர் 8ஆம் தேதி, சென்னையில் காலமானார். வயது இருபத்தொன்பது. திருடாதே என்று குழந்தைக்குப் புத்தி சொல்லி, சட்டத்தால் மட்டும் திருட்டு ஒழியாது என்று பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொன்ன பாட்டு, 1961இல் படம் வந்தபோதுதான் ஜனங்கள் காதுக்கு எட்டியது.

நம்ம உத்திரமேரூருக்கு ஒரு பெருமை உண்டு. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது. தேர்தல் முறைக்கு உலகமே அதை உதாரணம் காட்டுகிறது. ஆனால் முழுசாகப் படியுங்கள். பெயரைக் குடத்தில் போட, வரி கட்டுகிற கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலத்தில் இறங்கி நாற்று நட்டவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. கல்வெட்டில் இடம் கிடைக்காதவன் வாயால் வெட்டிக்கொண்ட கல்வெட்டுதான் பாட்டு. கூலி ஏன் குறைவு, விளைச்சல் எங்கே போச்சு என்று அவன் கேட்ட கேள்வியைத்தான் பட்டுக்கோட்டையார் தமிழ்நாடு முழுக்கக் கேட்க வைத்தார்.

பாட்டு தானாக எதையும் மாற்றிவிடாது. ஆனால் இது தலையெழுத்து இல்லை, மனுஷன் செய்த ஏற்பாடு, மனுஷன் மாற்றலாம் என்று ஒருத்தன் மனசில் விழுந்துவிட்டால், அப்புறம் அவன் பழைய ஆள் இல்லை. படிப்பு முடித்து ஸ்பேனர் பிடிக்கப் போகும் நண்பர்களே, அவரை இரண்டு பாதியும் சேர்த்துக் கேளுங்கள்.