சீர்காழி இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் (ஆகஸ்ட் 1892 – செப்டம்பர் 27, 1972) இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் நூலகரும் கணிதப் பேராசிரியரும் ஆவார். இவர் உருவாக்கிய கோலன் பகுப்பு முறைக்குச் சிறுவர் விளையாட்டுப் பொருள் ஒன்று தூண்டுகோலாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த சீர்காழியில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களில் அரசுக் கல்லூரிகளில் கற்பித்தார்.

நூலகப் பணி

1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். மாணவர் சூழ வாழ்ந்தவருக்கு நூலகத்தின் தனிமை சலிப்பூட்டியது. சில நாட்களிலேயே ஆசிரியப் பணிக்குத் திரும்ப விரும்பினார். இங்கிலாந்து சென்று நூலகவியல் பயின்ற பின்னரும் விருப்பம் மாறாவிடின் திரும்பலாம் என்ற ஏற்பாட்டின் பேரில் அவ்வாண்டே இலண்டன் சென்றார். அங்கு பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்சிடம் பகுப்பாக்கம் கற்றார். நாடு திரும்பிய பின் ஆசிரியப் பணியை நாடவில்லை. 1944 வரை அந்நூலகத்திலேயே பணியாற்றினார்.

மெக்கானோவும் கோலன் பகுப்பும்

அக்காலத்தில் பரவலாக இருந்த தூயி தசமப் பகுப்பில் பொருள்கள் முன்கூட்டியே பட்டியலிடப்பட்டு எண்கள் தரப்பட்டிருந்தன. பல கூறுகள் கலந்த புதிய பொருளுக்கு அதில் இடம் காண்பது கடினமாக இருந்தது.

இலண்டன் செல்பிரிட்ஜசு அங்காடியில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளை அரங்கநாதன் கண்டார். உலோகப் பட்டைகள், சக்கரங்கள், தண்டுகள் ஆகியவற்றைத் திருகாணிகளால் இணைத்து வெவ்வேறு பொம்மைகளை அமைக்கலாம். பாகங்கள் அவையே, இணைப்பு மாற, பொம்மையும் மாறும். நூலின் பொருளையும் இவ்வாறே கூறுகளாகப் பிரித்து இணைக்கலாம் என அவர் கருதினார். கூறுகளின் குறியீடுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளி (கோலன்) பயன்பட்டது.

எடுத்துக்காட்டாக, நுரையீரல் காசநோய்க்கு இந்தியாவில் அளிக்கப்பட்ட சிகிச்சை பற்றிய நூலில் மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, இந்தியா என்பன தனித்தனிக் கூறுகள். இவற்றின் குறியீடுகளைச் சேர்த்தால் அந்நூலுக்குரிய எண் கிடைக்கும். இம்முறை 1933 இல் நூலாக வெளிவந்தது.

வாசகரும் மாணவரும்

1931 இல் வெளியான இவரது நூலக அறிவியலின் ஐந்து விதிகள், வாசகரின் பயன்பாட்டையே நூலகத்தின் நோக்கமாகக் கொண்டது. வாசகர் தாமே அடுக்குகளுக்குச் சென்று நூல்களைத் தேடும் முறையைச் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இவர் நடைமுறைப்படுத்தினார். புதிதாக வரும் மாணவருக்கு நூலகத்தைப் பயன்படுத்தக் கற்பிப்பதும் நூலகரின் கடமை என வலியுறுத்தினார். பள்ளி, கல்லூரி நூலகங்கள் பற்றிய இவரது நூல் 1942 இல் வெளிவந்தது.

பிற பணிகளும் சிறப்புகளும்

1928 இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றவும், 1948 இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறவும் பெரிதும் உழைத்தார். பின்னர் பனாரசு, தில்லி ஆகிய இடங்களில் பணிபுரிந்தார். 1957 இல் பத்மசிறீ விருது பெற்றார். 1962 இல் பெங்களூரில் ஆவணவாக்க ஆய்வு மற்றும் பயிற்சி மையத்தை நிறுவினார். 1965 இல் தேசிய ஆய்வுப் பேராசிரியரானார். பெங்களூரில் காலமானார். இவர் நினைவாக ஆகஸ்ட் 12 ஆம் நாள் இந்தியாவில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.