கொடுத்துக் கடனாளியான சேதுபதி

ராமநாதபுரத்து மன்னர் பாஸ்கர சேதுபதி, கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர். வள்ளல் என்று ஊரெல்லாம் புகழ்ந்தது. கணக்குப் புத்தகமோ வேறு கதை சொன்னது!

சாவி அதிகாரிகள் கையில்

1868-ம் ஆண்டு பிறந்தார். 1873-ல் தந்தை முத்துராமலிங்க சேதுபதி காலமானார். அப்போது பாஸ்கரருக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை.

சமஸ்தானத்தை 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்' ஏற்றது. வாரிசு சிறுவனாக இருந்தால், அவன் வளரும்வரை ஜமீன் சொத்தை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

அதிகாரிகள் வரவு செலவை எழுதினார்கள். பழைய கடனை அடைத்தார்கள். கண்மாய்களைப் பழுது பார்த்தார்கள். சிறுவர் சென்னையில் ஆங்கில ஆசிரியர்களிடம் படித்தார்.

இப்படி 16 ஆண்டுகள் சென்றன.

அள்ளிக் கொடுத்தார்

1889-ல் நிர்வாகம் மன்னர் கைக்கு வந்தது.

சேதுபதி என்றால் சேதுவைக் காப்பவர். ராமேசுவரம் யாத்திரிகருக்குச் சத்திரம் வைப்பதும், கோவிலுக்கும் புலவருக்கும் கொடுப்பதும் அவர்கள் குல தர்மம். மன்னர் அள்ளி அள்ளிக் கொடுத்தார். நவராத்திரி விழாவைப் பிரமாதமாக நடத்தினார்.

ஆனால், ராமநாதபுரமோ வானம் பார்த்த பூமி. மழை பெய்தால்தான் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால்தான் வரி வரும். மழை பொய்த்தாலும், அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய 'பேஷ்குஷ்' தொகை குறையாது!

கடன் ஏறியது. வட்டியும் ஏறியது. கிராமங்கள் லேவாதேவிக்காரர்களிடம் ஈடாகப் போயின.

மறுபடியும் போன சாவி

1895-ல் மன்னர் ஒரு முடிவுக்கு வந்தார். சிறுவனான மகன் பேரில் சமஸ்தானத்தை எழுதிவைத்து, நிர்வாகத்தை டிரஸ்டியிடம் ஒப்படைத்தார். பட்டம் அவருக்கு, பணப்பெட்டி டிரஸ்டிக்கு!

அப்படியும் கொடை நிற்கவில்லை. 1897 ஜனவரி 26-ந் தேதி, அமெரிக்காவில் புகழ் பெற்றுத் திரும்பிய விவேகானந்தர் பாம்பனில் இறங்கினார். மன்னர் எதிர்கொண்டு வரவேற்றார். சுவாமியின் வண்டியை மக்களோடு சேர்ந்து தாமும் இழுத்தார். ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சோறும் துணியும் வழங்கினார்.

1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியபோதும் துணை நின்றார்.

1903 டிசம்பர் 27-ந் தேதி மன்னர் காலமானார். வயது 35-தான்.

பிறகு வந்த சட்டம்

1904-ல் சென்னை ராஜதானியில் ஒரு சட்டம் வந்தது. பங்கு பிரிக்க முடியாத ஜமீன்களை, ஆள்பவர் இஷ்டப்படி விற்று, வாரிசைத் தெருவில் விடமுடியாதபடி அது தடுத்தது.

மன்னர் கொடுத்தது குடிகள் கட்டிய வரிப்பணம். பட்ட கடனோ வாரிசின் சொத்தை விழுங்கும் கடன். அதனால்தான் கொடுக்கும் கைக்குப் பக்கத்தில் கணக்குப் பார்க்கும் கண்ணும் வேண்டியிருந்தது.

ஜமீன்கள் 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன. மதுரைத் தமிழ்ச் சங்கம் நிலைத்து நிற்கிறது!