தாய்வீட்டைக் காத்த கௌரா தேவி

நுழையும்முன்

மரத்தை விற்பவர் அதன் விலையை அறிவார். அதன் நிழலில் வாழ்பவரே அதன் மதிப்பை அறிவார். பள்ளிப்படியை மிதித்தறியாத ஒரு மலைநாட்டுப் பெண், தம் ஊர்ப் பெண்களை ஒன்றுதிரட்டி ஒரு காட்டையே காத்தார். அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமை

இமயமலையின் மடியில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில் லாதா என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1925ஆம் ஆண்டு போட்டியா குடியில் கௌரா தேவி பிறந்தார். அக்குடியினர் ஆடு மேய்த்தும், கம்பளி நெய்தும், மலைக்கணவாய்களைக் கடந்து திபெத்துடன் வணிகம் செய்தும் வாழ்ந்தனர். கல்வி கற்கும் வாய்ப்பு கௌரா தேவிக்குக் கிட்டவில்லை. அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே அருகிலிருந்த ரேணி என்னும் ஊரில் மணம் செய்விக்கப்பட்டார். இருபத்திரண்டாம் வயதிலேயே கணவரை இழந்தார். கைக்குழந்தையையும் முதியோரையும் காக்கும் பொறுப்பு அவர் தோள்மேல் விழுந்தது. வயல்வேலையும் கம்பளித் தொழிலும் செய்து குடும்பத்தைத் தாங்கினார்.

1962ஆம் ஆண்டுப் போருக்குப்பின் திபெத்து எல்லை மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நடைபெற்ற வணிகம் நின்றுபோயிற்று. அதன்பின் அம்மக்களுக்கு நிலமும் காடுமே வாழ்வாதாரம் ஆயின. அடுப்பெரிக்கும் விறகும், கால்நடைக்குத் தழையும், நோய்க்கு மூலிகையும் காடே தந்தது.

வெள்ளம் கற்பித்த பாடம்

1970ஆம் ஆண்டு அலக்நந்தா ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஊர்களும் பாலங்களும் சாலைகளும் அடித்துச் செல்லப்பட்டன. மரங்களின் வேர்கள் மலைமண்ணை இறுகப் பற்றியிருக்கும்; மரங்கள் அழிந்தால் மழைநீர் மண்ணையும் பாறையையும் உருட்டிக்கொண்டு பாயும். இவ்வுண்மையை மலைமக்கள் கண்கூடாகக் கண்டனர். சண்டி பிரசாத் பட் முதலியோர் ஊர்தோறும் சென்று மக்களைத் திரட்டினர். மரத்தை வெட்ட வருவோர்முன் அதனைக் கட்டியணைத்துக் காப்பது என மக்கள் 1973ஆம் ஆண்டு உறுதிபூண்டனர். இந்தி மொழியில் ஒட்டிக்கொள்வதைக் குறிக்கும் சிப்கோ என்னும் சொல் இவ்வியக்கத்தின் பெயராயிற்று.

ரேணி ஊரில் பெண்கள் ஒன்றுகூடி மகளிர் நலக்குழு ஒன்றை நடத்தி வந்தனர். ஊரின் தூய்மையையும் காட்டையும் பேணுவது அதன் பணி. கௌரா தேவி அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1974 மார்ச் 26

ரேணிக் காட்டில் ஏறத்தாழ 2,450 மரங்கள் ஏலம் விடப்பட்டன. ஊரார் எதிர்ப்புத் தெரிவித்தனர். எனினும், போருக்குப்பின் எடுத்துக்கொள்ளப்பட்ட நிலங்களுக்கு இழப்பீடு வழங்கப்படும் என்ற செய்தி வரவே, ஆண்கள் அனைவரும் 1974 மார்ச் 26 அன்று சமோலிக்குச் சென்றிருந்தனர். ஊரில் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே எஞ்சியிருந்தனர். அந்நேரம் பார்த்து ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கோடரிகளுடன் காட்டை நோக்கிச் சென்றனர். அவர்களைக் கண்ட சிறுமி ஒருத்தி ஓடிவந்து கௌரா தேவியிடம் கூறினாள்.

ஆண்கள் வரும்வரை காத்திருந்தால் காடு மிஞ்சாது. கௌரா தேவி செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். இருபத்தேழு பெண்களும் சிறுமியரும் காட்டிற்கு விரைந்தனர். அவர்கள் கைகளில் ஆயுதம் ஏதும் இல்லை. வந்திருந்த கூலியாட்களைக் கௌரா தேவி பகைவராகக் கருதவில்லை. உடன்பிறந்தோர் என்றே அழைத்தார். இக்காடு தங்கள் தாய்வீடு என்றும், இதனை அழித்தால் மலை சரிந்து ஊரையே மூடிவிடும் என்றும் எடுத்துரைத்தார். உணவை உண்டுவிட்டுத் தங்களுடன் திரும்பி வருமாறு வேண்டினார். ஒருவன் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினான். கௌரா தேவி அஞ்சாமல் அவன்முன் நின்று, முதலில் தம்மைச் சுட்டுவிட்டு அதன்பின் மரத்தைத் தொடுமாறு கூறினார். பெண்கள் மரங்களுக்கும் கோடரிகளுக்கும் இடையே அசையாது நின்றனர். வந்தவர்கள் திரும்பிச் சென்றனர். பெண்கள் இரவு முழுவதும் கண்விழித்துக் காட்டைக் காத்தனர். ஊர் திரும்பிய ஆண்கள் செய்தி கேட்டு வியந்தனர்.

விளைவு

அரசு அறிஞர் குழு ஒன்றை அமைத்து ஆராய்ந்தது. பெண்கள் கூறியதே சரி என்று அக்குழுவும் கண்டது. அலக்நந்தாவின் மேல் நீர்ப்பிடிப்புப் பகுதியில், ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில், பத்து ஆண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை விதிக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டு இமயமலையில் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் வணிகத்திற்காகப் பசுமரங்களை வெட்டுவது பதினைந்து ஆண்டுகளுக்குத் தடைசெய்யப்பட்டது. 1983ஆம் ஆண்டு கர்நாடக மாநிலத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் இதே வழியில் அப்பிக்கோ இயக்கம் எழுந்தது.

ஆயினும், அம்மக்களின் இன்னல் முற்றும் தீரவில்லை. 1982ஆம் ஆண்டு நந்தாதேவி தேசியப் பூங்கா அமைக்கப்பட்டபோது, ஊரார் தம் மேய்ச்சல் நிலங்களை இழந்தனர். காட்டைக் காத்தவர்களுக்கே காட்டின் வாயில் அடைபட்டது. பாதுகாப்பு என்பது மக்களை விலக்கிவைத்துச் செய்வதன்று. அவர்களோடு இணைந்து செய்வது என்பதை இது உணர்த்துகிறது.

கௌரா தேவி புகழையோ பொருளையோ நாடாமல் எளிய வாழ்வே வாழ்ந்து, 1991ஆம் ஆண்டு மறைந்தார். 2021 பிப்ரவரியில் ரிஷிகங்கை ஆற்றில் எழுந்த பெருவெள்ளம் ரேணியை ஒட்டிய நீர்மின் நிலையத்தை அடித்துச் சென்று பல உயிர்களைப் பறித்தது. மலையின் அமைதியைக் குலைத்தால் என்ன நேரும் என்று கௌரா தேவி அன்று அஞ்சியது வீண் அச்சம் அன்று என்பதை நாடு மீண்டும் எண்ணிப் பார்த்தது.

சொற்பொருள்

கணவாய் – மலைகளுக்கு இடையேயான வழி
வாழ்வாதாரம் – பிழைப்புக்கு அடிப்படை
இழப்பீடு – இழந்ததற்கு ஈடாகத் தரும் பணம்

சிந்தித்து விடை எழுதுக

1. மலைமண்ணை மரங்கள் எவ்வாறு காக்கின்றன?
2. கூலியாட்களைக் கௌரா தேவி உடன்பிறந்தோர் என அழைத்தது ஏன்?
3. நீங்கள் வாழும் பகுதியில் காக்கப்பட வேண்டிய மரம் அல்லது நீர்நிலை ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.